மகனின் கல்லூரி அணி மேல் 40 டாலர் கட்டலாமா? (அண்டர்டாக், 27.5 புள்ளி)

ஒஹாயோ_அப்பா | புதன், இரவு 9.40

வணக்கம். இங்கே பல வருடங்களாக வாசிக்கிறேன், எழுதியது மிகக் குறைவு. என் மகன் ஒஹாயோவில் ஒரு மேக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மேக் என்றால் மிட் அமெரிக்கன் கூட்டமைப்பு. நவம்பர் மாதத்தில் செவ்வாய், புதன் இரவுகளில் குளிரில் பாதி காலியான மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்கள் இவர்கள்தான். மகன் கல்லூரி பேண்டு குழுவில் டிராம்போன் வாசிக்கிறான். ஆறு வருடம் மிருதங்க வகுப்புக்குக் காரோட்டிய பலன்.

இந்தச் சனிக்கிழமை அவர்கள் அணி பிக் டென் என்ற பெரிய கூட்டமைப்பின் அணி ஒன்றின் ஊருக்குப் போய் ஆடுகிறது. கல்லூரிப் பெயர்களைச் சொல்லவில்லை. மகன் கண்ணில் இந்த இழை பட்டால் மானம் போகும். என் செல்பேசிச் செயலியில் தோற்கும் என்று எதிர்பார்க்கப்படும் எங்கள் அணிக்கு, அதாவது அண்டர்டாக்குக்கு, 27.5 புள்ளி என்று காட்டுகிறது. நேரடியாக வென்றால், அதாவது மணிலைன், ஒன்றுக்குப் பதினெட்டு. கல்யாண மண்டபத்து ரம்மியைத் தவிர நான் எதிலும் பணம் வைத்து ஆடியதில்லை. 40 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எதில் போடுவது?

---

நாஷ்வில்_நாடோடி | புதன், இரவு 10.05

மணிலைன். இதில் கேள்வியே இல்லை. "28 புள்ளிக்குள் தோற்க வேண்டும்" என்று வேண்டிக்கொண்டு யாராவது மகனின் கல்லூரி ஆட்டத்தைப் பார்ப்பார்களா? கட்டினால் வெற்றிக்குக் கட்டுங்கள்.

2024 அக்டோபர் 5. வேண்டர்பில்ட் 40, அலபாமா 35. அன்று அலபாமா நாட்டிலேயே முதலிடம். எங்கள் ஊர் மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, பிராட்வே வழியாகத் தோளில் சுமந்துபோய், கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். அதை நான் நேரில் பார்த்தேன், சுவாமி புறப்பாடு போல இருந்தது. 1984க்குப் பிறகு அலபாமாவை வேண்டர்பில்ட் வென்றது அன்றுதான். யானைக்கும் அடி சறுக்கும், அண்ணா.

---

எடிசன்வாசி | புதன், இரவு 10.31

நாஷ்வில் நண்பர் சொல்வதை வழிமொழிகிறேன். 2024 செப்டம்பர் 7, நாட்டர்டாம் மைதானம். நாட்டர்டாம் அப்போது ஐந்தாம் இடம். எதிரே நார்தர்ன் இல்லினாய், அன்று அதுவும் மேக் அணிதான். நான்கு டச்டவுனுக்கு இணையான புள்ளி கொடுத்திருந்தார்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது டச்டவுன், பின்னால் வரும் உதையோடு 7 புள்ளி). நான் மணிலைனில் 50 டாலர் கட்டினேன். 31 நொடி இருக்கும்போது 35 கெஜத்திலிருந்து ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி), 16-14. நாட்டர்டாம் கடைசி முயற்சியாக 62 கெஜத்திலிருந்து அடித்ததையும் தடுத்துவிட்டார்கள். என் கையில் 800 டாலருக்கு மேல். அந்த ஆட்டத்தை ஆடுவதற்கே நாட்டர்டாம் அவர்களுக்கு 14 லட்சம் டாலர் கொடுத்திருந்தது என்பதை நினைத்தால் இன்னும் இனிக்கும்.

---

கணக்கு_வாத்தியார் | புதன், இரவு 11.18

தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டு வந்தேன். நண்பர்கள் இருவரும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வரலாறாகச் சொல்கிறார்கள். ஒஹாயோ ஐயா, சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

27.5 என்றால், ஆட்டம் முடிந்ததும் உங்கள் மகன் அணியின் புள்ளியோடு 27.5 கூட்டிக்கொள்ள வேண்டும். 27 வித்தியாசத்தில் தோற்றாலும் நீங்கள் ஜெயித்தீர்கள், இதைத்தான் "கவர்" ஆவது என்பார்கள். 28 என்றால் போயிற்று. இதற்கு 110 கட்டினால் 100 கிடைக்கும். அந்தப் பத்துதான் பந்தயக் கடைக்காரரின் கூலி. ஆகவே பாதிக்குப் பாதி ஜெயித்தால் கைக்காசு கரையும். முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 முறை ஜெயிக்க வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மக்நீல் என்ற கணக்கு மனிதர் 1940களில் இந்தப் புள்ளி கொடுக்கும் முறையை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். என் இனத்தார்தான். பெருமைப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இனி மணிலைன். ஒன்றுக்குப் பதினெட்டு என்றால், உங்கள் அணி பத்தொன்பது முறை ஆடி ஒரு முறையாவது வென்றால்தான் கணக்கு நேராகும். அது 5.3 சதவீதம். அதே செயலியில் பெரிய அணியின் மணிலைனைப் பாருங்கள். 5000 கட்டினால் 100 கிடைக்கும் என்பது போல இருக்கும். அதன் பொருள் 98 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 103 வருகிறது. நூறுக்கு மேலே வழிகிற அந்த மூன்றை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் கனவு காண்பவர் தலையில். குதிரைப் பந்தயத்தில் இதை 1949லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஜெயிக்கவே வாய்ப்பில்லாத குதிரை மேல்தான் மக்கள் அளவுக்கு மீறிக் கட்டுகிறார்கள்.

உங்கள் அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று வைப்போம். இது என் ஊகம்தான். 20 டாலரை மணிலைனில் போட்டால் சராசரியாக 8 டாலர் 60 சென்ட் இழப்பு. அதே 20ஐ 27.5 புள்ளியில் போட்டால், பாதிக்குப் பாதி என்று கொண்டாலும், 91 சென்ட் இழப்பு. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட வேண்டாம்.

எடிசன் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த 800 டாலர் இப்போது எங்கே?

---

மீனா_ஆன்ஆர்பர் | வியாழன், காலை 7.12

வாத்தியார் சொல்வதற்கு என்னிடம் கண்கண்ட சாட்சி இருக்கிறது.

2007 செப்டம்பர் 1. நான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவி. ஊருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. அறைத்தோழி இழுத்துக்கொண்டு போனாள். மைதானத்தில் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேருக்கு மேல். மிச்சிகன் ஐந்தாம் இடம். எதிரே வட கரோலினா மலைப்பகுதியிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட், ஒரு படி கீழே உள்ள பிரிவு. பாதி ஆட்டத்தில் 28-17 என்று அவர்கள் முன்னே. என்னைச் சுற்றி யாரும் பேசவில்லை. துக்க வீடு என்றால் அழுகையாவது கேட்கும்.

கடைசி 26 நொடியில் அவர்கள் ஃபீல்ட் கோல் அடித்து 34-32. பிறகு மிச்சிகன் ஒரு நீண்ட பாஸ் எறிந்து 37 கெஜத் தூரத்துக்கு வந்தது. உதைத்தார்கள். கோரி லின்ச் என்ற ஆட்டக்காரர் பாய்ந்து தடுத்துவிட்டார். பந்து எங்கே போயிற்று என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தோழி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எப்போதும் இப்படித்தான் இருக்குமா?" என்று நான் கேட்டதற்கு இன்றுவரை அவள் என்னை மன்னிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் "அன்று மட்டும் பத்து டாலர் கட்டியிருந்தால்" என்று பெருமூச்சு விடுவார்கள். அன்று லாஸ் வேகாஸில் பெரும்பாலான கடைகள் அந்த ஆட்டத்துக்கு விலையே போடவில்லை! கீழ்ப் பிரிவு அணியோடு ஆடும் ஆட்டங்களை அப்போது அவர்கள் பொருட்படுத்துவதில்லை. நம் எல்லோருக்கும் தெரிந்த மிகப்பெரிய அண்டர்டாக் வெற்றியில் அநேகமாக யாரும் பணம் பண்ணவில்லை.

அதோடு, ஒவ்வொரு வருடமும் மேல் பிரிவும் கீழ்ப் பிரிவும் மோதும் ஆட்டங்கள் நூற்றுக்கும் மேல். அதே 2007 செப்டம்பரில் 50 புள்ளி வித்தியாசத்தில் தோற்றுப் பஸ் ஏறிய அணிகளின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

---

எடிசன்வாசி | வியாழன், காலை 8.47

வாத்தியாரே, சபையில் கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

800 டாலர் வந்த மறுநாளே வேறொரு செயலியிலும் கணக்குத் திறந்தேன். "ஒரு முறை மோப்பம் பிடித்தவன்" என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தாறு அண்டர்டாக், எல்லாம் மணிலைன். பிறகு நான்கு அணிகளைச் சேர்த்துக் கட்டும் பார்லே. நான்கில் மூன்று வந்துவிடும், ஒன்று காலை வாரும். "ஒன்றில்தானே தவறினேன்" என்று மனம் அதை வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளும். நன்றிநாள் விடுமுறைக்குள் 3,100 டாலர் போயிற்று. அதில் முதல் 800 அவர்களுடையது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மீதி என் மகளின் நீச்சல் வகுப்பு, காரின் டயர் என்று வைத்திருந்த பணம்.

நியூ ஜெர்சியில் உள்ளூர்க் கல்லூரி அணிகள் மேல் பந்தயம் கட்ட முடியாது. ரட்கர்ஸ் ஆட்டத்துக்குச் செயலி விலையே காட்டாது. அந்த ஒரு அணியை மட்டும் நான் நிம்மதியாகப் பார்த்தேன். வேறு எந்த ஆட்டத்தையும் அந்த வருடம் ஆட்டமாகப் பார்த்ததாக நினைவில்லை.

மனைவிக்குத் தெரிந்த பிறகு 1-800-426-2537 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தேன். கணக்குகளைப் பூட்டிவிட்டேன். நேற்றிரவு இந்த இழையைப் பார்த்ததும் கை தானாக அந்த ஜெயித்த கதையைத் தட்டச்சு செய்தது. தோற்ற கதையை வாத்தியார் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன், பாருங்கள்.

---

கணக்கு_வாத்தியார் | வியாழன், காலை 9.02

தம்பி, கேட்டது தவறு. மன்னிக்கவும்.

---

எடிசன்வாசி | வியாழன், காலை 9.05

இல்லை சார். கேட்டது நல்லதுதான்.

---

நாஷ்வில்_நாடோடி | வியாழன், மதியம் 12.20

எடிசன் நண்பருக்கு என் மரியாதை. நான் நேற்று சொன்னதை அப்படியே திரும்பப் பெறவில்லை. ஆனால் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். வேண்டர்பில்ட் வெற்றி பனம்பழக் கதை இல்லை. முன்கூட்டியே தடயம் இருந்தது.

2023 நவம்பர் 18. நியூ மெக்சிகோ ஸ்டேட் என்ற சிறிய அணியை ஆபர்ன் பணம் கொடுத்து அழைத்தது. மூன்று டச்டவுனுக்கும் மேல் புள்ளி. முடிவு என்ன? நியூ மெக்சிகோ ஸ்டேட் 31, ஆபர்ன் 10. அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், டியேகோ பாவியா. அடுத்த ஆண்டு அவரும் அங்கிருந்த பயிற்சியாளர்கள் சிலரும் வேண்டர்பில்ட்டுக்கு வந்துவிட்டார்கள். பாவியாவும் அவருக்குப் பழகிய ஆட்ட முறையும் ஒரே மூட்டையாக ஊர் மாறின. அலபாமாவோ அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் ஜார்ஜியாவை 41-34 என்று வென்று களைத்து வந்திருந்தது. அன்று 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடம் பந்து வேண்டர்பில்ட் கையில். இதையெல்லாம் கோத்துப் பார்த்தவன் ஒருவன் எங்கேயாவது இருந்திருப்பான். அவன் நான் இல்லை. நான் அன்று அலபாமா ஜெயிக்கும் என்றுதான் சொன்னேன்.

நார்தர்ன் இல்லினாய் கதையும் அப்படியே. நாட்டர்டாம் முந்தைய வாரம் டெக்சாஸ் போய் ஏ அண்ட் எம் அணியை 23-13 என்று வென்று, தலைகால் புரியாமல் வந்திருந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர்கள் இறுதிப்போட்டி வரை போனார்கள் என்பது வேறு கதை.

---

கணக்கு_வாத்தியார் | வியாழன், மதியம் 1.15

இதை ஒப்புக்கொள்கிறேன். நாடோடி சொன்ன 42 நிமிடம்தான் விஷயத்தின் மையம்.

ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் பாதிக்குப் பாதி வந்துவிடும். ஐந்து முறை சுண்டினால் எதுவும் நடக்கும். பலசாலி அணிக்கு ஆட்டத்தில் நிறைய வாய்ப்பு வேண்டும், அப்போதுதான் பலம் வெளிப்படும். நோஞ்சான் அணி வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். 2018 செப்டம்பர் 22, ஓக்லஹோமா ஊரில் ஆர்மி அணி, அதாவது அமெரிக்க ராணுவக் கல்லூரி அணி, ஆடியதைப் பாருங்கள். நான்கு டச்டவுன் அளவுக்குப் புள்ளி. எதிரணி குவார்ட்டர்பேக் கைலர் மரே, அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். ஆர்மி என்ன செய்தது? பந்தை எறியவே இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்று கெஜம், நான்கு கெஜம் என்று ஓடியே கிட்டத்தட்ட 45 நிமிடம் பந்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டது. மரே பெரும்பாலான நேரம் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். ஆட்டம் 21-21 என்று முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போய், ஓக்லஹோமா 28-21 என்று தப்பியது. ஆர்மி தோற்றது. புள்ளி வாங்கிக் கட்டியவர்கள் பாதி ஆட்டத்திலேயே தூங்கப் போயிருக்கலாம்.

2023லிருந்து இன்னொன்று. முன்பெல்லாம் ஒவ்வொரு முதல் டவுனுக்கும், அதாவது அணி பத்து கெஜம் முன்னேறிப் புது வாய்ப்புப் பெறும்போதெல்லாம், கடிகாரம் நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் நிற்கிறது. ஆட்டத்தில் பந்தை வைத்து ஆடத் தொடங்கும் முறைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. 28 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டியவனுக்கு இது இடைஞ்சல்.

அதனால் ஒஹாயோ ஐயா, உங்கள் அணி எப்படி ஆடும்? ஓடுகிற அணியா, எறிகிற அணியா?

---

ஒஹாயோ_அப்பா | வியாழன், மாலை 6.30

எறிகிற அணி. எறிந்துகொண்டே இருக்கிற அணி. புதுப் பயிற்சியாளர் வேகம் வேகம் என்கிறார். போன வாரம் 20 நொடிக்கு ஒரு முறை பந்தை வைத்தார்கள். மூன்று முறை எதிரணி கையில் கொடுத்தார்கள். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். கோடையில் வேறு அணிக்கு மாறிப் போய்விட்டான். மகன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

---

கணக்கு_வாத்தியார் | வியாழன், மாலை 6.41

அப்படியானால் 40 டாலருக்கு டிராம்போன் எண்ணெய் வாங்கிக் கொடுங்கள்.

---

பரங்கிமலையான் | வெள்ளி, காலை 6.10

சென்னையிலிருந்து ஒரு பாமரனின் கேள்வி. இதை இங்கிருந்து கட்ட முடியுமா? எங்கள் தாத்தா கிண்டி ரேஸில் எப்போதும் கடைசிக் குதிரை மேல்தான் கட்டுவார். "முதல் குதிரைக்குக் கட்ட எவனாலும் முடியும்" என்பார். பாட்டியின் நகைகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

---

மீனா_ஆன்ஆர்பர் | வெள்ளி, காலை 8.00

முடியாது தம்பி, முயலவும் வேண்டாம். 2025ல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை அடியோடு தடை செய்துவிட்டது. இங்கே அமெரிக்காவிலேயே 2018ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதம். ஒஹாயோவில் 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டலாம், 21 வயது ஆகியிருக்க வேண்டும். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இன்னும் இல்லை. ஒஹாயோவில்கூட ஒரு மாணவ ஆட்டக்காரர் தனியாக எத்தனை கெஜம் ஓடுவார் என்று கட்டுவதை 2024ல் நிறுத்திவிட்டார்கள். தோற்றவர்கள் அந்தப் பையன்களைத் தேடிப்பிடித்துத் திட்டியதுதான் காரணங்களில் ஒன்று. இருபது வயதுப் பிள்ளைகள்.

உங்கள் தாத்தாவை வாத்தியாருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1949 ஆராய்ச்சியின் நடமாடும் சான்று.

---

நாஷ்வில்_நாடோடி | வெள்ளி, மாலை 5.25

ஒஹாயோ அண்ணா, வாத்தியார் சொன்ன எண்ணெயை நீங்கள் வாங்கப் போவதில்லை என்று தெரியும். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வேறு செயலியிலும் விலை பாருங்கள். சற்று முன் ஓர் இடத்தில் 28.5 கண்டேன், நீங்கள் பேசுவது அந்த ஆட்டமாகத்தான் இருக்க வேண்டும். 28 என்பது சரியாக நான்கு டச்டவுன், பெரிய அணி சிறிய அணியோடு ஆடும்போது ஆட்டம் அந்த வித்தியாசத்தில் முடிவதுண்டு. 27.5க்கும் 28.5க்கும் இடையே இருப்பது ஒரு புள்ளிதான், ஆனால் மதிப்புள்ள புள்ளி.

பந்தயத்தில் நம் கையில் இருப்பது இது மட்டும்தான். மீதியெல்லாம் பத்தொன்பது வயதுப் பையன்களின் கையில்.

---

ஒஹாயோ_அப்பா | வெள்ளி, இரவு 10.50

இன்னொரு செயலி, இன்னொரு கடவுச்சொல், இன்னொரு அடையாளச் சரிபார்ப்பு. 40 டாலருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். 27.5 புள்ளியில் 20. மணிலைனில் 20. வாத்தியார் திட்டக்கூடாது. முதல் 20 உங்கள் கணக்குக்கு, இரண்டாவது 20 டிராம்போனுக்கு.

---

கணக்கு_வாத்தியார் | வெள்ளி, இரவு 10.58

திட்டவில்லை. 91 சென்டும் 8 டாலர் 60 சென்டும், ஆக 9.51. சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு. ஆட்டத்தை நன்றாகப் பாருங்கள்.

---

எடிசன்வாசி | சனி, மாலை 3.40

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நலமா அண்ணா?

---

ஒஹாயோ_அப்பா | ஞாயிறு, காலை 11.15

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் கால் பகுதியில் எங்கள் பையன்கள் 7-0 என்று முன்னே போனார்கள். நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். பதினோரு நிமிடம் அந்த 7-0 நின்றது. அந்தப் பதினோரு நிமிடத்தில் என்னென்ன யோசித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. 360 டாலரை மூன்று விதமாகச் செலவழித்துவிட்டேன்.

பிறகு வழக்கம்போல. 14-7, 28-7, 38-10. நான்காம் பகுதி நடுவில் 45-10. பெரிய அணி தன் முதல் வரிசை ஆட்களை உட்கார வைத்தது. அரங்கமே காலியாகிக்கொண்டிருந்தது. அப்போது, யாருக்கும் எதற்கும் தேவையில்லாத நேரத்தில், இரண்டே நிமிடம் மீதி இருக்கும்போது, எங்கள் மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒரு டச்டவுன் எறிந்தான். பின்னால் வந்த உதையும் சரியாகப் போயிற்று. 45-17.

வித்தியாசம் 28.

நாடோடி, நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. 40 டாலரும் போயிற்று. அதைச் சொல்லவா இவ்வளவு நீளம் என்று கேட்பீர்கள். அதற்கில்லை.

இரவு மகன் அழைத்தான். பேண்டு குழு இந்த ஆட்டத்துக்குப் போகவில்லை, விடுதிக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். நான் பந்தயம் கட்டியது அவனுக்குத் தெரியாது. ஆட்டம் பார்த்தாயா என்று கேட்டேன். "பார்த்தேன் அப்பா, நன்றாக முடிந்தது" என்றான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். 28 புள்ளியில் தோற்றது எப்படி நன்றாக முடிந்தது என்று கேட்டேன்.

"கவர் ஆகிவிட்டதே" என்றான்.

நான் யோசிக்காமல், "27.5 தானே, எப்படிக் கவர் ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

சற்று நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு சொன்னான். "எனக்கு 28.5 கிடைத்தது."

அவனுக்கு இருபது வயது. யாருடைய கணக்கில் என்று கேட்டேன். அறைத்தோழனின் அண்ணன் என்றான். எவ்வளவு என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "உங்களுக்கு எப்படி அப்பா 27.5 தெரியும்?" என்றான். நானும் பதில் சொல்லவில்லை. அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டுக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டேன்.

---

எடிசன்வாசி | ஞாயிறு, காலை 11.22

அண்ணா, தனிச்செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன். இன்று நாள் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன். அவனும் பேச விரும்பினால் கொடுங்கள்.